ரிங்லெட் ஏரி: மழை பெய்தும் வற்றுவது ஏன், ஒரே இரவில் நிரம்புவது ஏன்?

ரிங்லெட் பட்டணத்தைத் தாண்டி தானா ராத்தா பக்கம் ஏறும்போது சாலையோரமாக வரும் ஏரியை, மலேசியாவின் கேமரன் மலைக்குப் போய்வந்த எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஒரு வாரம் புல் விளிம்புவரை தண்ணீர் தளும்பும். அடுத்த வாரம் அதே இடத்தில் வெடித்த சேறும், பிளாஸ்டிக் போத்தல்களும், சாய்ந்த மரக்கட்டைகளும் கிடக்கும். இடையில் மழையும் பெய்திருக்கும். உடனே வாட்ஸ்அப்பில் "அணையில் விரிசல்" என்று ஒரு செய்தி சுற்றும். மழைக்காலத்தில் அதற்கு நேர்மாறாக, "கதவைத் திறந்துவிட்டார்கள்" என்று நள்ளிரவில் ஒன்று வரும்.

இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் மழை மட்டும் இல்லை. மின்சாரத் தேவை, மலையிலிருந்து இறங்கும் மண், ஏரியின் சிறிய கொள்ளளவு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் மட்டத்தைத் தீர்மானிக்கின்றன. தூண்டில் போடுபவர், கரையில் பாய் விரித்துச் சாப்பிடும் குடும்பம், அணைக்குக் கீழே பெர்த்தாம் வேலி என்ற ஊரில் ஆற்றை ஒட்டிக் குடியிருப்பவர் என எல்லாருமே இந்த மூன்றையும் புரிந்துகொள்வது நல்லது.

ஏரி என்று சொல்கிறோம், உண்மையில் அது ஒரு தொட்டி

பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை 1963-இல் செயல்பாட்டுக்கு வந்தது. உயரம் சுமார் 40 மீட்டர். கேமரன் மலை நீர்மின் திட்டத்துக்காக உலக வங்கி 1958-இல் மலாயாவுக்குக் கடன் கொடுத்தது. இன்று அணையை இயக்குவது மலேசியாவின் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல்.

அணை கட்டியதன் நோக்கம் மின்சாரம். குடிநீருக்காகவோ வெள்ளத்தைத் தடுப்பதற்காகவோ, சுற்றுலாவுக்காகவோ அதைக் கட்டவில்லை. படகும் தூண்டிலும் தானாக வந்து ஒட்டிக்கொண்டவை.

தண்ணீர் போகும் வழி இது:

1. பெர்த்தாம் ஆறு தானா ராத்தா பக்கமிருந்து இறங்கி ஏரிக்கு வருகிறது.
2. வடக்கே ஓடும் தெலோம் ஆற்றின் தண்ணீரையும் மலையைக் குடைந்த சுரங்கம் பெர்த்தாம் பக்கம் திருப்பிவிடுகிறது. வரும் வழியில் ஹாபுவில் 5.5 மெகாவாட் மின்நிலையம் ஒன்று இருக்கிறது.
3. ரிங்லெட் ஏரியிலிருந்து இன்னொரு சுரங்கம் தித்திவாங்சா மலைத்தொடரைத் துளைத்து, பேராக் மாநிலத்தின் பக்கம் நிலத்தடியில் இருக்கும் ஜோர் மின்நிலையத்துக்குத் தண்ணீரைக் கொண்டுபோகிறது. சுல்தான் யூசுப் நிலையம் என்பது அதன் முறையான பெயர். 25 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு, மொத்தம் 100 மெகாவாட்.
4. அங்கிருந்து அதே தண்ணீர் இன்னும் கீழே 150 மெகாவாட் வோ நிலையத்தையும் சுழற்றிவிட்டு, தாப்பா பக்கம் பாத்தாங் பாடாங் ஆற்றோடு போய்ச் சேர்கிறது.

இயற்கையாக விட்டிருந்தால் பகாங் ஆற்றில் கலந்து தென்சீனக் கடலுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர், மலைக்கு மேற்குப் பக்கம் வந்து மலாக்கா நீரிணையில் சேர்கிறது. அணைக்குக் கீழே பெர்த்தாம் ஆறு பெரும்பாலான நாள் முழங்கால் அளவுகூட இல்லாமல் கிடப்பதற்கு இதுதான் காரணம். கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு இது முக்கியம்.

நான்கு சொற்கள்

*முழுக்கொள் மட்டம்*: வழக்கமான இயக்கத்தில் தண்ணீர் நிற்கக்கூடிய உச்ச உயரம். அதற்கு மேல் போனால் உபரியை வெளியேற்ற வேண்டும்.

*குறைந்த இயக்க மட்டம்*: இதற்குக் கீழே இறங்கினால் சுரங்கவாய் காற்றையும் சேற்றையும் உறிஞ்சத் தொடங்கும். இயந்திரத்தை நிறுத்தியாக வேண்டும்.

*பயன் கொள்ளளவு*: மேற்சொன்ன இரண்டு மட்டங்களுக்கும் இடையே உள்ள தண்ணீர். மின்சாரம் இதிலிருந்துதான் கிடைக்கிறது.

*அடிக் கொள்ளளவு*: குறைந்த இயக்க மட்டத்துக்குக் கீழே உள்ள பகுதி. மண் வந்து படியட்டும் என்று பொறியாளர்கள் முன்கூட்டியே ஒதுக்கிவைத்த இடம்.

ரிங்லெட் ஏரி வடிவமைக்கப்பட்டபோது மொத்தக் கொள்ளளவு 6.3 மில்லியன் கன மீட்டர். அதில் 4.7 மில்லியன் பயன் கொள்ளளவு, 1.6 மில்லியன் அடிக் கொள்ளளவு. பார்க்கப் பெரிய எண்கள்தான், ஆனால் அணைகளின் கணக்கில் இது ஒரு குட்டை.

வெயில் குடிப்பதில்லை, ஜோர் குடிக்கிறது

மழையில்லாத நாளில் ஏரி இறங்கினால் "ஆவியாகிவிட்டது" என்பார்கள். இந்தக் குளிர்ந்த மலையில் ஆவியாவது ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர்தான். ஏரி சாண் சாணாக, முழம் முழமாக இறங்குவதற்கு அது போதாது. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ரிங்லெட்டுக்கும் ஜோருக்கும் இடையே உயர வேறுபாடு ஏறக்குறைய 570 மீட்டர். ஒரு கன மீட்டர் தண்ணீர், அதாவது 200 லிட்டர் பீப்பாய் ஐந்தின் அளவு, அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால், உராய்விலும் இயந்திரத்திலும் போகும் இழப்பைக் கழித்தபின் சுமார் 1.3 யூனிட் மின்சாரம் கிடைக்கும். கோலாலம்பூரில் ஒரு குதிரைத்திறன் ஏர்கோனை ஒன்றரை மணி நேரம் ஓட்ட அது போதும்.

ஜோர் முழு வேகத்தில், 100 மெகாவாட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் தேவைப்படுவது ஒரு லட்சம் யூனிட். அதற்கு ஏறக்குறைய 76,000 கன மீட்டர் தண்ணீர் வேண்டும், விநாடிக்கு 21 கன மீட்டர். ஏரியின் பரப்பை 50 ஹெக்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆற்றிலிருந்து வரத்தே இல்லையென்றால் மணிக்கு 15 சென்டிமீட்டர் இறங்கும். ஆறு மணி நேரத்தில் 90 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட இடுப்பளவு. வரத்து இருப்பதால் உண்மையான இறக்கம் இதைவிடக் குறைவு. ஆனாலும் காலையில் தண்ணீருக்குள் இருந்த கல் மாலையில் கரையில் நிற்பது ஏன் என்பது இப்போது புரியும்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஏரி புத்தம்புதிதாக, சேறே இல்லாமல், விளிம்புவரை நிரம்பியிருந்தாலும் அந்த 4.7 மில்லியன் கன மீட்டரை ஜோர் சுமார் 62 மணி நேரத்தில் குடித்து முடித்துவிடும். கோடைக்குச் சேர்த்துவைக்கும் அணை இல்லை இது. அன்றாடம் வாங்கி அன்றாடம் செலவழிக்கும் சம்பளக்காரன் மாதிரி.

நீர்மின் இயந்திரத்தைச் சில நிமிடங்களில் ஓட்டவும் நிறுத்தவும் முடியும். எரிவாயு, நிலக்கரி நிலையங்களுக்கு அந்தச் சுறுசுறுப்பு கிடையாது. அதனால் நாட்டில் மின்தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்துக்கென்று தண்ணீரைச் சேமித்துவைப்பது வழக்கம். தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் பெருநாள் விடுமுறையிலும் தேவை குறையும், ஏரி ஏறும். வேலைநாளில் இறங்கும். விடுமுறைக்கு வந்து தளும்பும் ஏரியைப் படமெடுத்துப் போகிறவர்களுக்கும், வாரம் முழுக்கச் சேற்றைப் பார்க்கும் ரிங்லெட்காரர்களுக்கும் இடையே நடக்கும் வாக்குவாதத்தில் இரு தரப்பும் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

சேறு உட்கார்ந்த இடம்

அடிக் கொள்ளளவான 1.6 மில்லியன் கன மீட்டர் நிரம்ப 80 ஆண்டுகள் ஆகும் என்பது அணை கட்டியவர்களின் மதிப்பீடு. ஆண்டுக்கு 20,000 கன மீட்டர், அதாவது 10 கன மீட்டர் பிடிக்கும் லோரியில் 2,000 நடை. காடும் தேயிலையும் மூடியிருந்த மலைக்கு அந்தக் கணக்கு சரி. நடந்தது வேறு. 80 ஆண்டுக்கான இடம் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஏரியின் மொத்தக் கொள்ளளவில் பாதிக்கு மேல் இன்று மண்தான் இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன.

இங்கே தேயிலையைக் குறைசொல்ல முடியாது. 1929-இல் தொடங்கிய போ தோட்டம் போன்றவை அணைக்கும் முந்தியவை. தேயிலைச் செடி வேர் பிடித்து மூடிவிட்டால் மண்ணைப் பெரிதாக விடாது. கவ்வாத்து வெட்டிய ஆண்டிலும் சருகு தரையை மூடிக்கிடக்கும். காய்கறிக் கொல்லை அப்படியில்லை. ஆண்டுக்குச் சில முறை தரை வெறுமையாகக் கிண்டப்படுகிறது. சரிவை வெட்டிப் படியாக்கும்போது தள்ளிவிடும் மண் நேராக ஓடைக்குப் போகிறது. பிளாஸ்டிக் கூரை போட்ட கொட்டகைகளில் விழும் மழை தரையில் ஊறுவதற்கு வழியில்லை. கூரையிலிருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து ஆற்றுக்கு என ஒரே பாய்ச்சல். கட்டடம் கட்டுவதும் சாலை வெட்டுவதும் அதோடு சேர்ந்துகொண்டன.

மண்ணின் அளவைவிட அது உட்கார்ந்த இடம்தான் பெரிய தலைவலி. திட்டத்தின்படி மண் ஏரியின் அடியாழத்தில் போய்ப் படிய வேண்டும். ஆனால் ஓடும் ஆறு நிற்கும் தண்ணீரைத் தொட்ட அந்தக் கணமே வேகம் இழக்கிறது. கனமான மணலும் பருக்கைக்கல்லும் அங்கேயே, ஏரியின் தலைப்பிலேயே விழுந்துவிடுகின்றன. மெல்லிய களிமண் மட்டுமே அணைவரை மிதந்து போகிறது. அதனால் ஹாபு பக்கம் மணல்திட்டு வளர்ந்து, அடிக் கொள்ளளவை விட்டுவிட்டுப் பயன் கொள்ளளவையே தின்றுவிட்டது. மட்டம் இறங்கும்போது சாலையிலிருந்து தெரியும் பழுப்பு மைதானம் இந்தத் திட்டுதான்.

ஏரியை அதிகமாக இறக்கினால் இன்னொரு சிக்கல் வரும். ஆறு அந்தத் திட்டை அறுத்துக்கொண்டு ஓடி, மணலை அணைப்பக்கமும் சுரங்கவாய்ப்பக்கமும் தள்ளும். இந்த மலை கருங்கல் மலை, மணலில் படிகக்கல் துகள் நிறைய. 570 மீட்டர் அழுத்தத்தோடு குழாய் முனையிலிருந்து பீய்ச்சும் தண்ணீரில் அது கலந்தால் இயந்திரக் கிண்ணங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் தேய்த்துவிடும்.

"தூர் வாரினால் என்ன?" வாருகிறார்கள். எக்ஸ்கவேட்டரும் லோரியும் ஏரிக்கரையில் பழகிப்போன காட்சி. ஆனால் வாரிய ஈரச்சேற்றைக் கொட்டுவதற்குச் சமதரை வேண்டும், இந்த மலையில் அதற்குத்தான் பஞ்சம். சரிவில் கொட்டினால் அடுத்த மழைக்கு அதே சேறு திரும்பிவரும். அணைக் கதவைத் திறந்து சேற்றைக் கழுவிவிடலாம் என்றால் கீழே பெர்த்தாம் வேலியில் ஊர் இருக்கிறது. மேலே ஓடைகளில் மணல் தேங்கும் குட்டை கட்டி அங்கேயே வாரியெடுப்பதுதான் இருப்பதில் உருப்படியான வழி. அதுவும் வாரிக்கொண்டே இருந்தால்தான் பயன் தரும். நிரம்பிய குட்டை இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

ஆகாயத்தாமரை வேறு இருக்கிறது. உரம் கரைந்துவரும் தண்ணீரில் அது கொழுத்து வளரும். மட்டம் இறங்கும்போது சேற்றில் படுத்துக் கிடக்கும், ஏறியதும் தீவுபோல் மிதந்து வரும்.

ஒரே இரவில் நிரம்புவது எப்படி

கேமரன் மலையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை. ஏப்ரல், மே மாதங்களில் ஓர் உச்சம், அக்டோபர், நவம்பரில் இன்னொன்று.

பெர்த்தாம் ஆற்றின் நீர்ப்பிடிப்பு சுமார் 70 சதுர கிலோமீட்டர். அங்கே ஒரு மாலையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. விழுந்த தண்ணீர் 3.5 மில்லியன் கன மீட்டர்.
2. அதில் 40 விழுக்காடு ஓடிவந்தாலே 1.4 மில்லியன். தரை ஏற்கெனவே நனைந்திருந்தால் இன்னும் அதிகம்.
3. ஜோர் முழு வேகத்தில் இழுத்தாலும் இதை வெளியேற்ற 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மழைத் தண்ணீர் ஏரிக்கு வந்துசேர ஆவதோ சில மணி நேரம்.
4. பாதி சேறாகிப்போன ஏரியில் மீதியிருக்கும் இடத்தில் பெரும்பகுதியை இந்த ஒரு மாலை பிடித்துக்கொள்ளும்.

100 மில்லிமீட்டர் பெய்தால் கணக்கே வேண்டாம், கொள்ளாது. அப்போது உபரியை வெளியேற்றும் வான்கதவு வழியாகப் பெர்த்தாம் ஆற்றில் விட்டாக வேண்டும். கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் தண்ணீர் அணைக்கு மேல் வழிந்து, அணையின் பாதுகாப்பே கேள்விக்குறியாகும். ஆகவே "ஏன் திறந்தார்கள்?" என்ற கேள்வியை விட, "முன்கூட்டியே எவ்வளவு இறக்கிவைத்தார்கள், எப்போது எச்சரித்தார்கள், தண்ணீர் போகும் வழி எப்படி இருந்தது?" என்று கேட்பதே சரி.

2013 அக்டோபர் 23 அதிகாலையில் பெர்த்தாம் வேலியில் நடந்தது நினைவிருக்கும். பெருமழையில் ஏரி நிரம்பி, நள்ளிரவுக்குப் பின் வெளியேற்றிய தண்ணீர் ஊருக்குள் புகுந்தது. உயிர்கள் போயின, வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. ஆற்றுப் புறம்போக்கில் கொல்லைகளும் குடியிருப்புகளும் நெருக்கிக்கொண்டு, ஆற்றின் அகலமே குறைந்துபோயிருந்தது. சேறு படிந்த ஏரியும் ஒடுங்கிய ஆறும் ஒரே இரவில் சேர்ந்துகொண்டன.

கரையில் நிற்பவர்களுக்கு

இறங்கிய ஏரியின் கரையில் மூன்று பட்டைகள் தெரியும். மேலே புல். அடுத்து வெடித்துக் காய்ந்த சேறு. தண்ணீரை ஒட்டிப் பளபளக்கும் ஈரச்சேறு. ஆபத்து நடுப்பட்டையில்தான். மேலே நாலு விரல் கனத்துக்கு ஓடுபோல் காய்ந்திருக்கும், கீழே கூழாக இருக்கும். கோழிக்குஞ்சு நடக்கும், ஆள் நடந்தால் இறங்கிவிடும். ஒரு கம்பை ஒரு கையால் ஊன்றிப் பாருங்கள். ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் அந்த இடத்தில் கால் வைக்க வேண்டாம்.

சிக்கிக்கொண்டால்:

1. காலை நேராகப் பிடுங்காதீர்கள். கீழே வெற்றிடம் உண்டாகி இன்னும் இறுகும்.
2. பின்பக்கம் சாய்ந்து, உட்கார்ந்து, உடல் எடையைப் பரப்புங்கள்.
3. பாதத்தைச் சிறிது சிறிதாக ஆட்டித் தண்ணீரும் காற்றும் உள்ளே போக வழி விடுங்கள். பூட்ஸ் போனால் போகட்டும்.
4. வெளியே இருப்பவர் 999-க்கு அழைத்து, பக்கத்தில் போகாமல் பலகையோ கயிறோ வீச வேண்டும். பக்கத்தில் போனால் மீட்க வேண்டியது இரண்டு பேராகிவிடும்.

தூண்டிலுக்கு மட்டத்தைவிட மட்டம் போகும் திசைதான் முக்கியம். மெல்ல ஏறும் தண்ணீர் புல்லை மூடும்போது திலாப்பியாவும் கெண்டையும் புழு தேடிக் கரைக்கு வரும். இறங்கும்போது ஆழத்துக்கு நகர்ந்துவிடும். தண்ணீரில் ஒரு குச்சியை நட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் திசை தெரிந்துவிடும். திலாப்பியா வெப்பப் பிரதேச மீன், தண்ணீர் 20 டிகிரியை நெருங்கினால் இரை எடுப்பது குறையும். ஆகவே விடியற்காலைக் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்காருவதைவிட வெயில் ஏறியபின் போவது பலன் தரும். பெருமழைக்கு மறுநாள் தண்ணீர் பால்தேநீர் நிறத்தில் இருக்கும், அன்று வீட்டிலேயே இருந்துவிடலாம்.

அணைச்சுவர், சுரங்கவாய், குப்பை தடுக்கும் மிதவைக் கயிறு ஆகியவற்றின் பக்கம் போவதே கூடாது. சுரங்கவாயின் இழுப்பு மேலே தெரியாது. இயந்திரம் எப்போது ஓடத் தொடங்கும் என்பதும் கரையில் இருப்பவருக்குத் தெரியாது.

இந்த ஏரியில் குளிக்க வேண்டாம். மேலே இருக்கும் பட்டணங்களின் கழிவும் கொல்லைகளின் மருந்தும் இதில்தான் இறங்குகின்றன. எலிச்சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். சேற்றில் இறங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும், கெண்டைக்காலில் கடுமையான வலியும், கண் சிவப்பும் வந்தால், ஏரிக்குப் போனதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை விழுங்கி நாளைக் கடத்தக் கூடாது.

அணைக்குக் கீழே

ஏரியைவிட ஆபத்தான இடம் அணைக்குக் கீழே வறண்டு கிடக்கும் பெர்த்தாம் ஆறுதான். தண்ணீர் இல்லாததால் பிள்ளைகள் கல்லில் விளையாடுகிறார்கள், வண்டி நிறுத்துகிறார்கள், கீரைப் பாத்தி போடுகிறார்கள். ஆற்றின் தண்ணீர் ஜோருக்குப் போய்விடுவதால் மட்டுமே அது வறண்டிருக்கிறது. கதவு திறந்த நிமிடத்தில் அது மறுபடியும் ஆறு.

அணை பற்றிய செய்தி வந்தால் எந்த அணை என்று முதலில் பாருங்கள். பெர்த்தாம் ஆற்றிலேயே இன்னும் கீழே, 2016-இல் செயல்படத் தொடங்கிய 372 மெகாவாட் உலு ஜெலாய் திட்டத்தின் சூசூ அணை இருக்கிறது. 88 மீட்டர் உயரம், முற்றிலும் வேறு அணை. அதைப் பற்றிய அறிவிப்பை வைத்து ரிங்லெட்டில் பதற வேண்டாம். ரிங்லெட் அறிவிப்பை "அது சூசூவாக இருக்கும்" என்று தள்ளவும் வேண்டாம்.

வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் தளத்தில் ஆற்று மட்டம் நான்கு படிகளில் வரும்: நோர்மல் (இயல்பு), வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து). வஸ்பாடா வந்ததுமே ஆற்றை ஒட்டி நிற்கும் வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். அமாரான் வரும்வரை காத்திருந்தால் சாலையே தண்ணீரில் இருக்கக்கூடும்.

சைரன் கேட்டாலும், கேட்காவிட்டாலும் ஆற்றின் நிறம் திடீரென்று மாறி, சுள்ளியும் நுரையும் மிதந்து வந்தாலும், பொருளைப் பொறுக்காமல் பக்கவாட்டில் மேலே ஏறுங்கள். ஆற்றோரமாகக் கீழ்நோக்கி ஓடுபவரைத் தண்ணீர் பிடித்துவிடும். சைரன் நின்றதும் திரும்பவும் கூடாது. கதவைப் படிப்படியாகத் திறப்பார்கள், மூடிவிட்டு மறுபடியும் திறக்க நேரலாம். ரிங்லெட்டில் வானம் வெளுத்த பிறகும் தெலோம் பக்கத்து மழை சுரங்கம் வழியாக ஏரிக்கு வந்துகொண்டிருக்கலாம். வெளியேற்றம் முடிந்துவிட்டது என்று முறையான அறிவிப்பு வரும்வரை மேட்டிலேயே இருங்கள்.